ஆங்காரத்துக்கு ஒரு முகம்

எங்கள் மடத்துப் புனித எர்லாவின் வலது கை ஊர் எல்லையைத் தாண்டிப் போனது ஒரே ஒரு தடவைதான். கொண்டுபோனவன் நான். கூட வந்த கழுதை செத்துப் பல வருடமாகிவிட்டதால், நடந்ததை நடந்தபடி சொல்ல இனி என்னை விட்டால் ஆளில்லை.

கை என்றால், அந்தப் புனிதர் இறந்த பின் எடுத்து வைத்த எலும்பு, விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும். வெள்ளிப் பேழைக்குள் இருக்கும். பல்வலிக்காரன் கன்னத்தில் வைத்தால் வலி போகும். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளன்று அதைத் திராட்சைத் தோட்டம் தோட்டமாகத் தூக்கிச் சுற்றுவோம். சுற்றாத தோட்டத்தில் பழம் புளித்துப்போகும். ஒரு வருடம் ஊர்வலத்தில் நான் கொட்டாவி விட்டேன். கை என் பிடரியில் ஒன்று வைத்தது. தூக்கி வந்தவர்கள் கல் தடுக்கியதாகச் சொன்னார்கள். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் வெட்ஸல். கன்னியர் மடத்துக்குத் தோல் பதப்படுத்திக் கொடுப்பவன். எழுதுகிற தோல், செருப்புத் தோல் இல்லை. கன்றோ ஆடோ, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைக்கத்தியால் சுரண்டி வெள்ளையாக்குவேன். என் தோலில் எழுதினால் எழுத்து அசையாது. குளிர் அதிகமாக இருந்த ஒரு வருடம் மட்டும் மை இறகிலிருந்து இறங்கும் முன்பே உறைந்து, சகோதரிகள் எழுத்துகளை ஒவ்வொன்றாக உடைத்தெடுத்து ஒட்ட வேண்டியிருந்தது. அது தோலின் குற்றம் இல்லை.

மடத்தில் படம் வரைபவள் சகோதரி இமெசா. அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். விரல் இடுக்கில் எப்போதும் செப்புப் பச்சை வண்ணம். ஒன்றைச் செய்வதென்று முடிவு செய்துவிட்டால், கல்லை நகர்த்தினாலும் அவளை நகர்த்த முடியாது. ரைன் நதிக்கு அந்தப் பக்கம், இரண்டு நாள் நடையில் உள்ள சாமியார் மடத்தில் ஒரு புத்தகம் இருப்பதாக அவள் காதில் விழுந்தது. ஏழு நற்குணங்களும் ஏழு தலையான பாவங்களும் சண்டை போடும் புத்தகம். பக்கத்துக்கு ஒரு சண்டை. நற்குணங்கள் எல்லாம் இரும்புச் சட்டை போட்ட பெண்கள். பாவங்களும் பெண்கள்தான், ஆனால் நல்ல துணி உடுத்தியவர்கள். கோபம் ஓங்கி அடிக்க, பொறுமையின் தலைக்கவசத்தில் பட்டு வாள் சுக்குநூறாகும். ஆங்காரம் தான் வெட்டிய குழியில் குதிரையோடு விழும். மேலே தாழ்ச்சி, அதாவது பணிவு, நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அதைப் பிரதி எடுக்க வேண்டும் என்று இமெசா மடத்துத் தாயார் உடிலாவிடம் போய் நின்றாள். நான் அப்போது ஒரு கட்டுத் தோலை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"தாயே, ஒரு வருஷம் போதும், வாங்கிக் குடுங்க. நான் போடற பிரதியைப் பாத்தா அவங்க தங்களோடதை அடுப்புல வெச்சிடுவாங்க."

"அடக்கமாப் பேசுடி."

"அடக்கமாத்தான் தாயே பேசறேன். அடக்கம் இல்லாமப் பேசணும்னா இன்னும் நிறைய இருக்கு."

புத்தகம் இரவல் வாங்கினால் ஈடாக ஒன்றை விட்டு வர வேண்டும் என்பது எல்லா மடத்திலும் உள்ள வழக்கம். பெரும்பாலும் இன்னொரு புத்தகத்தை வைப்பார்கள். அந்த மடத்துத் தலைவர் கும்போ சாமி புத்தகம் வேண்டாம், கை வேண்டும் என்று எழுதியனுப்பினார். அவருக்குக் கடைவாயில் இரண்டு பல் சொத்தை.

தாயார் மூன்று நாள் யோசித்தார். ஒப்பந்தம் எழுதப்பட்டது: அடுத்த மிக்கேல் திருநாளன்று கும்போ சாமி கையைக் கொண்டுவருவார், புத்தகத்தை வாங்கிக்கொள்வார். புத்தகம் கொடுத்தபடி இல்லையென்றால் கை அவருக்கே.

"கை திரும்பி வரலேன்னா," என்றார் தாயார், "அன்னிக்கோட நீ தூரிகையை மறந்துடலாம், இமெசா. சாகற வரைக்கும் வாத்து மேய்க்கணும்."

"வரும் தாயே. நான் கொண்டுவருவேன்."

அக்டோபரில் நான் கையைக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி வந்தேன். அங்கே வழக்கப்படி எண்ணி ஒப்படைத்தார்கள். நாற்பத்தெட்டு இலை. பதினான்கு பெண்கள். ஐந்து குதிரை. நானும் எண்ணினேன், சரியாக இருந்தது. முகங்களைப் பார்த்தாயா என்று பிற்பாடு எத்தனையோ பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். நான் தோல்காரன். தோலைப் பார்த்தேன். வெள்ளாடு, கழுத்துப் பக்கம் சரியாக வழிக்கவில்லை.

குளிர்காலத்தில் வண்ணம் உறையும் என்பதால் புத்தகம் பெட்டியில் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் அதைக் கோயிலில் விரித்துவைத்தார்கள். சகோதரிகள் முறைபோட்டு வாசித்தார்கள். வரைய உட்காரும் நாள் வரைக்கும் படங்களைப் பார்ப்பதில்லை என்று இமெசா மட்டும் தள்ளியே இருந்தாள். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை இமெசா அதைத் தன் மேசைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தாள். அவள் போட்ட சத்தம் என் தொட்டி வரைக்கும் கேட்டது. தொட்டி மதிலுக்கு வெளியே, ஆற்றோரம்.

ஏழு பாவங்களுக்கும் முகம் இல்லை. தலை இருந்தது, கூந்தல் இருந்தது, கிரீடம்கூட இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுரண்டல்.

இது எப்படி நடக்கும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புத்தகத்தில் நல்லவர் படம் வந்தால் முத்தமிடுவோம். கெட்டவர் படம் வந்தால் நகத்தால் சுரண்டுவோம். நகம் போதாதென்றால் கத்தி. பக்தி உள்ள மடத்தில் எந்தப் பிசாசும் பத்து வருடத்துக்கு மேல் முகத்தோடு இருந்தது கிடையாது. அதே மடத்தில் எந்தப் புனிதருக்கும் முகம் ஒழுங்காக இருக்காது. எல்லாம் முத்தத்தில் கரைந்திருக்கும். முத்தமோ நகமோ, தோலுக்கு ஒன்றுதான்.

எங்கள் மடத்தில் சுரண்டுவதற்கென்றே பிறந்தவள் சகோதரி கெப்பா. அறுபது வயது. ஒரே கண்ணில்தான் பார்வை, அதுவும் மங்கல். துதிப்பாடல் புத்தகத்தில் இருந்த பிசாசுகளை அவள்தான் சுரண்டினாள். யூதாஸைச் சுரண்டினாள். பெத்லகேம் தொழுவத்தில் நின்ற கழுதையையும், காது நீளமாக இருந்ததால், கொம்பு என்று நினைத்துச் சுரண்டினாள்.

காலைக் கூட்டத்தில் தாயார் கேட்டார்: "இது யாரு பண்ணினது?"

எல்லோரும் கெப்பாவைப் பார்த்தார்கள். கெப்பா எழுந்தாள்.

"நான்தான்."

"ஏழு முகத்தையுமா?"

"ஏழுன்னா ஏழுதான். எனக்கு எண்ணிக்கை ஞாபகமில்லை தாயே. ஆனா என்னைத் தவிர இந்த மடத்துல யாருக்கு அவ்வளவு வைராக்கியம் இருக்கு?"

"அது இரவல் புத்தகம்னு தெரியாதா?"

"பாவத்துல சொந்தம் என்ன, இரவல் என்ன?"

நாற்பது நாள் ரொட்டியும் தண்ணீரும் என்று அவளுக்குத் தண்டனை. தலை நிமிர்ந்தபடி போய் உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்ததும் இமெசா நேராக என்னிடம் வந்தாள்.

"வெட்ஸல், சுரண்டின தோல்ல திரும்ப வண்ணம் நிக்குமா?"

"அப்படியே பூசினா ஊறிப் பரவிடும் அம்மா. தோல் சிலிர்த்துக்கிட்டு இருக்கு. படியவெச்சாத்தான் நிக்கும்."

"படியவை. மிக்கேல் திருநாளுக்கு அஞ்சரை மாசம் இருக்கு. ஏழு முகத்தையும் நான் திரும்ப வரையறேன். கும்போ சாமி கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியக் கூடாது."

"முன்னாடி அந்த மூஞ்சிங்க எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது. அவருக்கு மட்டும் ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கவா போவுது? நீ தோலைப் பாரு."

நான் பார்த்தேன். நுரைக்கல்லால் தேய்த்து, ரொட்டித் துகள் தூவி அழுக்கெடுத்து, பன்றிப் பல்லால் வழவழப்பாக்கினேன். சுரண்டல் எல்லாவற்றிலும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது. தவக்காலத்தில் சுரண்டிய இடத்தில் இவ்வளவு அழுக்கா என்று ஒரு கணம் தோன்றியது. கெப்பா கையே கழுவமாட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டுவிட்டேன். அறுபது வருடத் தொழிலில் நான் செய்த ஒரே தப்பு அதுதான். மற்றவை மற்றவர்களுடையவை.

அடுத்த தொல்லை, பார்த்து வரைய மாதிரி இல்லாதது. எங்கள் பக்கத்தில் யாரும் மனதிலிருந்து முகம் வரைவதில்லை. பழைய புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் வரைவார்கள். மடத்தில் இருந்த முப்பத்தொரு புத்தகத்தையும் இமெசா புரட்டினாள். எதிலும் ஒரு பாவத்துக்கும் முகம் மிச்சமில்லை. கெப்பா வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தாள்.

"சரி," என்றாள் இமெசா. "உயிரோட இருக்கறதைப் பாத்து வரைஞ்சுக்கறேன்."

சண்டைப் புத்தகத்துக்கு முகம் தேவை, யாராவது எதிரில் உட்கார வேண்டும் என்று மட்டும் அவள் கூட்டத்தில் சொன்னாள். எந்த முகம் என்று சொல்லவில்லை. மறுநாளே வரிசை கட்டிவிட்டார்கள். பதினோரு பேர். பதினோரு பேரும் தாழ்ச்சிக்கு.

முதலில் பாடகர் குழுத் தலைவி ஹாஸிகா.

"எனக்கு இதெல்லாம் புடிக்காது இமெசா. நான் பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கறவ. ஆனா எல்லாரும் சொல்றாங்க, தாழ்ச்சின்னாலே உன் முகம்தான்டீன்னு. வெளியில நிக்கறாளே, அவளையுமா தாழ்ச்சிக்கு வரச் சொன்னே?"

"உக்காருங்க அக்கா. வாசலையே பாத்துக்கிட்டு இருங்க. அந்தப் பார்வை அப்படியே இருக்கட்டும்."

பொறாமை முடிந்தது.

அடுத்துக் கிடங்குக்காரச் சகோதரி. விலை உயர்ந்த நீலக்கல் வண்ணப்பொடி தன் படத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டாள்; வண்ணத்தைக் கொஞ்சம் குறைவாகப் பூசினாலும் பரவாயில்லை, மிச்சத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றாள். உலோபம் முடிந்தது. ஒருத்தி பாலாடைக்கட்டியோடு வந்து உட்கார்ந்தாள். பெருந்தீனிக்கு வேறு யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் படம் காய்வதற்குள் எலிகள் வந்து பக்கத்தில் வரைந்திருந்த ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் போயின. சமையற்கட்டுச் சகோதரி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். சோம்பல். பூசிய வண்ணம் காய ஒன்பது நாள் எடுத்தது. மற்ற வண்ணமெல்லாம் ஒரு மணி நேரத்தில் காயும்.

மோகத்துக்கு யார் உட்கார்ந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அவர் இப்போது வேறொரு மடத்தின் தாயார்.

கெப்பாவும் வந்தாள். ரொட்டியும் தண்ணீரும் அவளை இளைக்க வைக்கவில்லை.

"என்னையும் வரை. நான் செஞ்ச சேதத்துக்கு ஈடா என் முகத்தைத் தரேன்."

"எதுக்குப் பொருந்தும்னு நினைக்கறீங்க அக்கா?"

"இதென்ன கேள்வி? பொறுமைக்குத்தான்! ஏன், பொருந்தாதா? பொருந்தாதுங்கறியா? யாரு சொன்னா பொருந்தாதுன்னு? அவளைக் கூப்புடு இங்க!"

கோபத்தை இமெசா அரை மணியில் முடித்துவிட்டாள். அந்தப் பக்கம் மட்டும் அதற்குப் பிறகு படிந்தே இருக்காது. மேலே கல் வைத்தாலும் கல்லைத் தள்ளிவிட்டு எழும்.

ஆகஸ்ட் வந்தது. ஆறு முகம் முடிந்தது. ஆங்காரம் மட்டும் வரவில்லை.

தாழ்ச்சிக்கு வந்த பதினோரு பேரில் மிச்சம் ஆறு பேரையும் உட்காரவைத்துப் பார்த்தாள். எல்லோருக்கும் ஏதோ ஒரு ஓரத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. அது ஆங்காரத்தைக் கெடுத்தது. மூன்று முறை வரைந்து மூன்று முறை வழித்தாள். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டுத் தோலைப் படியவைக்கச் சொன்னாள்.

மூன்றாவது முறை நான் சொன்னேன்: "அம்மா, இதுக்கு மேல தேய்ச்சா ஓட்டை விழுந்துடும். இன்னொரு தடவைதான் தாங்கும். விட்டுடுங்களேன். ஆறு இருக்குல்ல?"

"ஏழு சுரண்டியிருக்கு. ஏழு வரணும்."

"ஒரு முகம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன? மூஞ்சியைக் குழிப்பக்கம் திருப்பிடுங்க."

"வெட்ஸல், கையைக் கொண்டுவருவேன்னு சொன்னவ நான். என் பிரதி மூலத்தைவிட நல்லா வரும்னு சொன்னவளும் நான். ஒரு முகத்துக்குப் பயந்து திருப்பி வரையவா?"

சொல்லிவிட்டு என்னோடு ஆற்றோரம் வந்தாள். என்னை விலக்கிவிட்டுத் தெளிந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். உள்ளே ஒரு கன்றுத் தோல் ஊறிக்கொண்டிருந்தது. அவள் தோலைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, அது நல்ல தோல், ஒரு பூச்சிக் கடிகூட இல்லை என்று சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்துத் தாவாக்கட்டையைத் தூக்கினாள். பகல் மணி அடித்தது, அசையவில்லை. அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும். நாலாம் நாள் ஆங்காரத்துக்கு முகம் வந்துவிட்டது. தாவாக்கட்டையைத் தூக்கிக்கொண்டு, விழுகிற குதிரை மேல் இருந்தபடியே, குழியையும் தன்னால்தான் சரியாக வெட்ட முடிந்தது என்கிற மாதிரி ஒரு பார்வை.

மிக்கேல் திருநாளன்று காலை கும்போ சாமி வந்து சேர்ந்தார். பெரிய உருவம், பெரிய குரல். கோவேறு கழுதை மேல் கைப்பேழை. அந்த ஒரு வருடமும் அவருக்குப் பல்வலி இல்லை. அந்த ஒரு வருடமும் எனக்குப் பல்வலி. கையைத் திருப்பிக் கொடுக்க வருபவரின் முகமாக அது எனக்குத் தெரியவில்லை. கொடுக்காமல் இருக்கக் காரணம் தேடும் முகமாகத்தான் தெரிந்தது. மதிலுக்கு வெளியே ஊரே நின்றது. கை வந்தால் அன்றைக்கே தோட்டம் சுற்ற வேண்டும்.

கோயிலில் பீடத்தின் முன்னால் புத்தகத்தை வைத்தார்கள். சாமி இலைகளை எண்ணினார். நாற்பத்தெட்டு. பிறகு படம் எண்ணப் புரட்டினார். முதல் சண்டைக்கு வந்ததும் நின்றார். அடுத்ததைப் புரட்டினார். அதற்கடுத்தது. அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் மாடத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. இரண்டு புறா இன்னும் திரும்பி வரவில்லை.

"முகம்! முகம் வந்திருக்கு!"

"என்ன சாமி சொல்றீங்க?" என்றார் தாயார்.

"இந்த ஏழு பேருக்கும் முகமே கிடையாது தாயாரே! எங்க ஆளுங்க நாப்பது வருஷமா தவக்காலத்துக்குத் தவக்காலம் சுரண்டிச் சுரண்டித் துடைச்சு எடுத்தது. நானே சின்ன வயசுல சுரண்டியிருக்கேன். முகமில்லாமத்தான் குடுத்தேன்!"

எல்லோரும் கெப்பாவைப் பார்த்தார்கள். கெப்பா தன் நகத்தைப் பார்த்தாள்.

"அப்போ நான் சுரண்டலையா?" அழுதுவிடுவாள் போலிருந்தது. "நாப்பது நாள் ரொட்டியும் தண்ணியும்... சுரண்டாததுக்கா?"

"ஒண்ணைக்கூடவா நீங்க சுரண்டலை?" என்றாள் ஹாஸிகா.

"எனக்கு என்னடி தெரியும்? தடவிப் பாத்தேன், வழவழன்னு இல்லை. சரி, வேலையை முடிச்சாச்சு போலன்னு நினைச்சேன்."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல செருப்பு.

கும்போ சாமி புத்தகத்தை மூடினார். "எழுதினது எழுதினதுதான். குடுத்தபடி வரலை. கை எங்களோடது."

தாயார் பேழையைப் பார்த்தார். பிறகு இமெசாவைப் பார்த்தார். வெளியே வாத்துகள் கத்தின.

இமெசா முன்னால் வந்தாள். "குடுத்தபடி ஆக்கித் தரேன் சாமி. இங்கேயே, உங்க கண்ணு முன்னாடியே. கத்தி குடுங்க."

"என்ன செய்யப் போறே?"

"சுரண்டறேன். அஞ்சரை மாச வேலைதானே. உள்ளபடி ஆயிட்டா கையைத் தருவீங்கல்ல?"

சாமியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இறகு சீவும் கத்தியை எடுத்துக் கொடுத்தார். இமெசா பொறாமையின் பக்கத்தைப் பிரித்தாள். அப்போதுதான் சகோதரிகள் எட்டிப் பார்த்தார்கள். அதுவரை அந்தப் படங்களை அவள் சகோதரிகள் கண்ணில் காட்டவில்லை.

"ஐயோ, அது நான்!" என்றாள் ஹாஸிகா. "என்னைத் தாழ்ச்சின்னுதானே உக்காரவெச்சே?"

"நீங்க தாழ்ச்சின்னு உக்காந்தீங்க. நான் ஒண்ணும் சொல்லலை. தள்ளுங்க, சுரண்டணும்."

"என் முகத்துல கத்தி வெச்சே, பாத்துக்கோ!"

கிடங்குக்காரி தன் பக்கத்தின் மேல் இரண்டு கையையும் விரித்துப் படுத்துவிட்டாள். அவ்வளவு வண்ணத்தைச் சுரண்டிக் கொட்டுவது மகா பாவம் என்றாள். பாலாடைக்காரி அழுதாள். சமையற்கட்டுச் சகோதரி விழித்துக்கொண்டு என்ன விஷயம் என்று கேட்டாள். தாயார் கடைசியில் கெப்பாவைக் கூப்பிட்டார்.

"கெப்பா, உனக்குத்தான் பழக்கம். நீ ஆரம்பி."

கெப்பா கத்தியை வாங்கினாள். கோபத்தின் பக்கம் தானாகவே எழுந்து நின்றது. நல்ல கண்ணை அதன் அருகே கொண்டுபோனாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க அம்மா மாதிரி இருக்கு," என்றாள். அவள் கத்தி எடுத்தும் சுரண்டாமல் விட்ட ஒரே பாவம் அதுதான்.

இமெசா கத்தியை எடுத்துக்கொண்டாள். "அப்போ என்னதுல இருந்தே ஆரம்பிக்கறேன்." கடைசிச் சண்டையைப் பிரித்தாள். குதிரை, குழி, ஆங்காரம்.

"யாரு அது?" என்று கேட்டார் கும்போ சாமி. கேட்கும்போதே அவர் கண் படத்துக்கும் அவளுக்கும் போய்ப் போய் வந்தது.

"நான்தான் சாமி."

"உன்னை யாரு அப்படி வரையச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. எல்லாரையும் பாத்தாச்சு. வேற யாரு முகமும் அவ்வளவு சரியா வரலை."

சொல்லிக்கொண்டே இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தி முனையை அந்த முகத்தின் இடது கண்ணில் வைத்தாள். ஒரே இழுப்பு. கண் போய்விட்டது. அடுத்த கண்ணுக்குக் கத்தியைத் தூக்கினாள்.

"நிறுத்து!" என்றார் சாமி.

"இன்னும் ஒரு கண்ணு, மூக்கு, வாய் இருக்கு."

"நிறுத்துன்னு சொல்றேன்ல! கத்தியைக் குடு." வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "எங்க மடத்துல அறுபது பேர் இருக்கோம் தாயாரே. ஆங்காரம் யாருன்னு கேட்டா அறுபது பேரும் பக்கத்துல நிக்கறவனைத்தான் காட்டுவோம். நானும் அப்படித்தான். புத்தகத்துல முகம் இருந்தப்பவும் எங்களுக்கு அவளை அடையாளம் தெரியலை, சுரண்டிட்டு உக்காந்துட்டோம்." அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் அவருக்குப் பழைய பல்வலி திரும்பி வந்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கோயிலில் இருந்த ஐம்பது பேரும் பார்த்தார்கள்.

"புத்தகம் இப்படியே இருக்கட்டும்," என்றார். "கையை எடுத்துக்குங்க. ஆனா, தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை இந்தக் கன்னத்துல வெச்சிட்டுப் போங்க."

வைத்தோம். அவருக்குப் பிறகு நானும் வைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு முன் எல்லாத் தோட்டத்தையும் சுற்றி முடித்தோம். அந்த வருடத்துத் திராட்சை ரசம் அவ்வளவு இனிப்பு. ஈக்கள் பாதிரியார் மூக்கை விட்டு நகராததால் ஞாயிற்றுக்கிழமை பூசை மூன்று மணி நேரம் நடந்தது. இமெசா பிரதியையும் முடித்தாள். கும்போ சாமி புத்தகத்தை இன்னொரு வருடம் இரவல் கொடுத்தார், ஈடு எதுவும் கேட்காமல்.

ஏழு வருடம் கழித்து கும்போ சாமி மடத்துக்குத் தோல் கொடுக்கப் போனேன். அந்தப் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். இந்தத் தடவை முகங்களையும் பார்ப்பதென்று முடிவு செய்திருந்தேன். ஹாஸிகா இருந்தாள், கெப்பா இருந்தாள், ஒரு கீறல் இல்லை. சாமியார்களுக்கு அவர்களைப் பார்த்தாலே பயமாம். கடைசிச் சண்டையைப் பிரித்தேன். ஆங்காரத்துக்கு முகம் இல்லை.

"யாருய்யா சுரண்டினது?" என்று கேட்டேன்.

"சுரண்டலை," என்றார் புத்தகக் காவலர். முகம் சிவந்துவிட்டது. "கும்போ சாமி அந்தக் கதையை எல்லாருக்கும் சொன்னாரு. 'நான்தான்'னு சொன்ன அம்மா இவங்கதான்னு அன்னிக்கிலேருந்து முத்தம் குடுக்க ஆரம்பிச்சாங்க. வெளியூர்லேருந்தெல்லாம் வராங்க. குடுத்துக் குடுத்து..."

மேலே தாழ்ச்சி நின்றுகொண்டிருந்தது. சுரண்டுவதிலேயே அவர்களுக்கு நாற்பது வருடம் போனதாலோ என்னவோ, முகம் பளிச்சென்று புதிதாக இருந்தது. இந்த ஏழு வருடத்திலும் அதை ஒருவரும் தொடவில்லை.

ஊர் திரும்பியதும் இமெசாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் வண்ணம் கலக்க முட்டை வெண்கருவை அடித்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தோல் எப்படி இருக்கு? இன்னொரு தடவை தாங்குமா?"

"தாங்காது அம்மா. அன்னிக்கே கடைசித் தடவைன்னு சொன்னேன்."

"அப்போ பின்னாடி ஒட்டுத் தோல் போடு. கன்றுத் தோல், மெல்லிசா. கழுதையைப் பூட்டு, நாளைக்குக் கிளம்பறோம்."

"நீங்க திரும்ப வரைஞ்சா அவனுங்க திரும்ப முத்தம் குடுத்துத் துடைப்பானுங்களே?"

"துடைக்கட்டும். நான் திரும்பப் போவேன்."

எழுந்து என்னோடு ஆற்றோரம் வந்து என் தொட்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். தண்ணீரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"காவிப் பொடி கொஞ்சம் கூட எடுத்துக்கணும், வெட்ஸல். முகத்துல சுருக்கம் விழுந்திருக்கு."